214, பின்கட்டு

லியோனா வென்ட்சலுக்கு அடுத்த வீட்டு விவகாரம் என்றால் உயிர். அவள் அம்மா இதைக் குறையாகச் சொன்னாள். வெஸ்லிங் நகரப் பள்ளி வாரியம் இதையே தகுதியாக எடுத்துக்கொண்டது. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், மூத்தது எது, கடைக்குட்டி எப்போது பிறந்தது, யார் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், போகாதவர் ஏன் போகவில்லை என்றெல்லாம் வீடு வீடாகக் கேட்டு எழுத ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. சும்மாவே கேட்டுக்கொண்டு திரிகிறவளுக்குக் கூலியும் கொடுத்தால் கசக்குமா?

அது 1933. ஏரிக்கரையில் இருந்த ஆலைகளில் பாதி மூடிக் கிடந்தன. மர அலமாரி செய்கிற அப்பா வேலையில்லாமல் சமையலறை மேசையின் கால்களையே திரும்பத் திரும்ப இழைத்துக்கொண்டிருந்தார். லியோனா நாலு வருஷம், மே மாதம் வந்தால் பையை மாட்டிக்கொண்டு பதினான்காம் வார்டைச் சுற்றினாள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று 1936 இலையுதிர் காலத்தில் அலுவலகத்திலேயே ஒரு மேசை கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஐந்து பேர் அவள் ஒருத்தி சம்பளத்தில் சாப்பிட்டார்கள்.

அந்த அலுவலகத்துக்குப் பிள்ளைக் கணக்கு அலுவலகம் என்று பெயர். அதற்கு ஒரு பூர்வகதை உண்டு, லியோனாவுக்கு அது மனப்பாடம். ஆரம்ப காலத்தில் வார்டு உறுப்பினர்களே பிள்ளைகளை எண்ணினார்கள். தலைக்கு இத்தனை என்று மாநிலத்திலிருந்து பணம் வந்ததால் எண்ணிக்கை தாராளமாக இருந்தது. ஒரு வருஷம் ஒரு பீர் ஆலையும் இரண்டு குதிரை லாயமும் மட்டுமே உள்ள தெருவில் முந்நூற்று நாற்பது பிள்ளைகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. குதிரைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த மானக்கேட்டுக்குப் பிறகுதான் ஒரு பிள்ளைக்கு ஓர் அட்டை என்ற ஏற்பாடு வந்தது. ஐந்து வயதில் எழுதுகிற அட்டை பதினெட்டு வயதுவரை கூடவே வரும். வருஷாவருஷம் மே மாதம் கணக்கெடுப்பவர் கதவைத் தட்டிப் பிள்ளையைப் பற்றிக் கேட்டு அட்டையின் பின்பக்கம் ஒரு வரி எழுத வேண்டும். பதினேழாம் எண் பள்ளி எரிந்துபோய் நாற்பது வருஷமாகியும் அந்த எண்ணை ஏன் வேறு பள்ளிக்குக் கொடுக்கவில்லை, சாசர் தெருவுக்கு வடக்கே உள்ள பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியை விட்டுவிட்டு ஏன் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறார்கள் என்பதற்கெல்லாம் அந்த அலமாரிகளுக்குள் பதில் இருந்தது. மற்றவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்திரிகை படித்தால் லியோனா பழைய அட்டைகளைப் படிப்பாள்.

அக்டோபரில் அங்கே கல்யாண சீசன். நகரத்தின் எல்லாப் பள்ளிகளிலிருந்தும், பாதிரிமார் நடத்தும் பள்ளிகளிலிருந்தும்கூட, சேர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு வரும். நீள மேசைகளில் உட்கார்ந்து சீட்டையும் அட்டையையும் தேடி ஜோடி சேர்த்து ஒரு குண்டூசியைக் குத்துவார்கள். ஊசி குத்தியாயிற்றென்றால் பிள்ளை பள்ளியில் இருக்கிறது, கல்யாணம் முடிந்தது. சீட்டு கிடைக்காமல் மிஞ்சுகிற அட்டைகள்தான் வம்பு. அவற்றைப் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற அதிகாரி நெட் கோஸ்டிகனிடம் கொடுப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு வருஷம் தேடி அவரும் கைவிரித்துவிட்டால் கதவோரம் இருக்கும் மரப்பெட்டியில் போடுவார்கள். அந்தப் பெட்டிக்குக் கல்லறை என்று பெயர். வருஷக் கடைசியில் பெட்டியில் உள்ள பெயர்கள் எல்லாம் கணக்கிலிருந்து அடிபட்டுவிடும்.

1938 அக்டோபரில் அப்படி மிஞ்சிய அட்டைகளில் ஒன்று லியோனாவின் கைக்கு வந்தது. இரேனா ஹுடாக், பிறந்தது 1926 டிசம்பர் 2, முகவரி 214 ஃபென் தெரு. பின்பக்கத்தில் ஒவ்வொரு மே மாதத்துக்கும் எதிரே ‘வீட்டில்’ என்று மட்டும் எழுதியிருந்தது. குறிப்பு என்ற இடத்தில் ‘பேசாது’ என்று ஒரே சொல். ஐந்து வயதில் தொடங்கி ஆறு ஆண்டுகளாகக் கணக்கில் இருக்கிற ஒரு பெண் ஒரு பள்ளியிலும் இல்லை.

“அதைக் கல்லறையில போடும்மா,” என்றார் கோஸ்டிகன். கனத்த உடம்பு, ஈரக் காலணி, முப்பது வருஷமாகத் தெருத் தெருவாக நடந்து தேய்ந்த மனிதர். “போன வருஷமும் போனேன், இந்த வருஷமும் போனேன். 214-ல ஒரு கிழவன், ஒரு கிழவி, ஒரு கிளி. அந்தக் கிளி பேசுது. பேசாத பொண்ணு யாரும் அங்க இல்ல.”

“அப்ப இது யாரு?”

“பேய். எவளோ ஒருத்தி கதவைத் தட்டாம, போன வருஷ அட்டையைப் பாத்து இந்த வருஷம் எழுதியிருப்பா. அடுத்தவ அவளைப் பாத்து எழுதியிருப்பா. ஊரைவிட்டுப் போன பிள்ளைங்க இப்படித்தான் நம்ம டிராயருக்குள்ள வருஷாவருஷம் வளருதுங்க. க்ரீவ் ஐயா சும்மாவா ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினாரு?”

அனுப்பினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அலுவலகத் தலைவர் ஆல்டன் க்ரீவ், அப்படிப் பார்த்து எழுதிய இரண்டு பெண்களை ஜூன் மாதத்தில் ஒரே காலையில் வேலையைவிட்டு நீக்கியிருந்தார். அதில் ஒருத்தி வாசற்படியில் நின்று அழுததை லியோனா மாடியிலிருந்து பார்த்தாள். பாவம் என்று நினைத்தாள், பிறகு மேசைக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போது அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரேனாவின் பிறந்தநாள் வரியிலும் ‘மே 1934’ என்ற இடத்திலும் எண்கள் தடுமாறாமல் நின்றன. அந்த ஒன்றுகள் நெற்றியில் நீள வாலோடு இருந்தன. அவள் அப்பா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. அந்த அலுவலகத்தில் அப்படி எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

உண்மை இதுதான். 1933 மே மாதம் 214-க்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நாயைக் கட்டி வைத்திருந்தார்கள். அது எகிறிய எகிறலில் லியோனா தெருவின் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டாள், அங்கே சர்ச் படியில் உட்கார்ந்து பழைய அட்டையைப் பார்த்து ஒரு வரி எழுதிக்கொண்டாள். அடுத்த வருஷம் மழை. அட்டை நனைந்து மை கலைந்துவிட்டதால் புது அட்டையில் பார்த்து எழுதினாள். அதற்கும் அடுத்த இரண்டு வருஷங்களில் நாயும் இல்லை மழையும் இல்லை, பழகிப்போன சோம்பல்தான் இருந்தது. ஊரார் வீட்டுக் கதையெல்லாம் தெரிய வேண்டும் என்று துடிக்கிறவள் நாலு வருஷம் ஒரு கதவை மட்டும் தட்டவில்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்று அப்போது தேற்றிக்கொண்டாள்.

கல்லறை பத்தடி தூரத்தில் இருந்தது. போட்டுவிட்டால் முடிந்தது. பேய் என்று கோஸ்டிகனே சொல்லியாயிற்று. போடாமல் கிளறினால் அந்த வால் வைத்த ஒன்று யாருடையது என்று க்ரீவ் கேட்பார். அப்புறம் சமையலறை மேசையைச் சுற்றி உட்காரும் ஐந்து பேருக்கும் என்ன வழி?

ஆனால் ‘பேசாது’ என்ற சொல் அவளை விடவில்லை. பேயைப் பற்றி யார் குறிப்பு எழுதுவார்கள்? 1932-இல் யாரோ ஒருத்தி கதவைத் தட்டியிருக்கிறாள், உள்ளே போயிருக்கிறாள், குழந்தையைப் பார்த்திருக்கிறாள். என்ன பார்த்தாள்? இரண்டு நாள் அந்த அட்டையைத் தன் மேசை இழுப்பறையில் மறைத்து வைத்திருந்தாள் லியோனா. பயத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது என்பதை அவளே வெட்கத்தோடு ஒப்புக்கொள்வாள். மூன்றாம் நாள் மதியம் சாப்பிடாமல் கீழ்த்தளத்துக்குப் போனாள்.

கெட்டுப்போன அட்டைகளை அங்கே வருஷவாரியாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். எதையும் தூக்கி எறியாத அலுவலகம் அது. 1934-ஆம் வருஷக் கட்டைப் பிரித்து, எலி கடித்த ஓரங்களைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அதைக் கண்டுபிடித்தாள். மழையில் ஊதா மை படர்ந்திருந்தாலும் கண்ணை இடுக்கினால் படிக்க முடிந்தது.

‘214, பின்கட்டு. பேசாது, காது கேட்கவில்லை போலிருக்கிறது. கெட்டிக்காரக் குழந்தை. வயது ஐந்துதான். அடுத்த மே மாதம் வருபவர் பிங்க் சீட்டு எழுத வேண்டும். தாயிடம் சொல்லியிருக்கிறேன்.’

லியோனா அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். காது கேளாத, கண் தெரியாத, நடக்க முடியாத பிள்ளை ஆறு வயதைத் தொட்டால் கணக்கெடுப்பவர் ஒரு பிங்க் சீட்டை நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து உரிய பள்ளியிலிருந்து ஆசிரியை வீட்டுக்கே வருவார். அடுத்த மே மாதம் வரவேண்டியவள் லியோனா. புது அட்டையில் எழுதும்போது நீளக் குறிப்பில் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டாள், ‘பின்கட்டு’ என்பதை விட்டுவிட்டாள். அதனால்தான் கோஸ்டிகன் இரண்டு முறையும் முன்வீட்டுக் கிளியோடு பேசிவிட்டுத் திரும்பினார்.

காது கேளாதோர் பள்ளியின் விதியும் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயது முடிந்த பிள்ளையை ஆரம்ப வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். டிசம்பர் 2-க்கு ஆறு வாரம் இருந்தது. கல்லறைப் பெட்டியைத் திறந்து பார்ப்பது டிசம்பர் கடைசியில்.

மேலே போய்க் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

“எங்கம்மா, இந்த நேரத்துல?” என்றார் கோஸ்டிகன்.

“ஃபென் தெருவுக்கு.”

“பேயைப் பாக்கவா? கிளிக்கு என் விசாரிப்பைச் சொல்லு.”

டிராமில் இருபது நிமிஷம். சந்தில் இப்போது நாய் இல்லை. முன்வீட்டைத் தாண்டிப் போனால் கரி படிந்த ஒரு முற்றம், நாலு கொடி நிறையத் துணி, அதற்கும் பின்னால் இரண்டு மாடி மரவீடு ஒன்று. வெளிப்புறமாக ஏறும் படிக்கட்டின் உச்சியில் முட்டைக்கோஸ் வேகும் வாசனை வந்தது. லியோனா கதவைத் தட்டினாள்.

திறந்தவள் யூலியா ஹுடாக். அகன்ற தோள், சோப்பில் வெந்து சிவந்த கைகள். ஸ்லோவாக் நாட்டிலிருந்து வந்து பதினைந்து வருஷம் ஆனாலும் ஊர்ப் பேச்சை இன்னும் துண்டு துண்டாகத்தான் பேசினாள்.

“துவைக்கிற துணியா? வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும்.”

“இல்லீங்க. பள்ளிக்கூடக் கணக்கு ஆபீஸ்ல இருந்து வரேன். இரேனா...”

அந்தப் பெயரைக் கேட்டதும் யூலியா கதவைச் சுவர்வரைக்கும் திறந்தாள். “வாங்க, வாங்க. உக்காருங்க. வருவாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரு. இந்த ஊரு ஆபீஸு உன்னை மறந்துடுச்சு போடின்னு சொல்வாரு. நான்தான் சொல்லுவேன், எழுதிட்டுப் போனாங்க, எழுதினா வருவாங்கன்னு.”

கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். லியோனாவால் அதைத் தொட முடியவில்லை.

சன்னலோரம் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண் அப்போதுதான் தரை அதிர்வில் திரும்பிப் பார்த்தாள். ஒல்லியாக, உயரமாக, புருவம் சேர்ந்த முகம். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நேராக வந்து லியோனாவை ஏற இறங்கப் பார்த்தாள். தொப்பி, பை, காலணி, மறுபடி முகம். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு முகம் மலர்ந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். தோளில் ஒரு பை மாட்டிக்கொள்வதுபோல் காட்டினாள். தெருவில் நடப்பதுபோல் நடந்தாள். நின்று சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். அப்புறம் தரையில் குந்தி, முழங்காலில் ஓர் அட்டையை வைத்துப் பார்ப்பதும் இன்னோர் அட்டையில் எழுதுவதுமாகச் செய்தாள். எழுதி முடித்து எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போனாள். பாவாடையைத் தட்டும்போது இரண்டு தட்டு தட்டி மூன்றாவதாக இழுத்துவிடுவது லியோனாவின் பழக்கம். அது அப்படியே இருந்தது.

யூலியா சிரித்தாள். “இவ என்னமோ சொல்றா. உங்களை முன்னாடியே பாத்திருக்காளாம். அந்தச் சர்ச் படியில உக்காந்து எழுதிக்கிட்டிருந்தீங்களாம். இந்தச் சன்னல்ல இருந்து அந்தப் படி தெரியும்.” சிரிப்பு மெல்ல நின்றது. “எப்ப பாத்த?” என்று மகளைப் பார்த்து விரலை மடக்கினாள். இரேனா தன் உயரத்தை இடுப்புக்குக் கீழே ஒரு முறை, இடுப்பில் ஒரு முறை, மார்பருகே ஒரு முறை கையால் அளந்து காட்டினாள். மூன்று உயரம். மூன்று வருஷம்.

அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. பொய் சொல்ல வேண்டுமென்றால் எளிது. வேறு யாரோ என்று சொல்லிவிடலாம், பேச முடியாத பெண் எப்படி மறுப்பாள்? அந்த எண்ணம் வந்ததற்காகவே லியோனாவுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“நான்தாங்க,” என்றாள். “உங்க வீட்டுக்கு வரவேண்டியவ நான்தான். நாலு வருஷமும். படியேறி வரல. பழைய அட்டையைப் பாத்து எழுதிட்டுப் போயிட்டேன்.”

யூலியா ரொட்டித் தட்டை எடுத்து அப்பால் வைத்தாள்.

“நாலு வருஷம்,” என்றாள். “முதல்ல வந்த அம்மா சொன்னாங்க, அடுத்த மே மாசம் சீட்டு எழுதுவாங்க, பள்ளிக்கூடம் கிடைக்கும்னு. மே மாசம் வந்தா நான் துவைக்கப் போக மாட்டேன். கூலி போனாப் போகட்டும்னு வீட்ல இருப்பேன். இவளுக்கு வெள்ளைக் கவுனு ஒண்ணு. அதை மாட்டி அந்தச் சன்னல்ல உக்கார வைப்பேன். ஒவ்வொரு வருஷமும் கீழ்மடிப்பைப் பிரிச்சு நீளமாக்குவேன். இனிமே பிரிக்க மடிப்பு இல்ல.” குரல் உயர்ந்தது. “நீ அங்க உக்காந்திருந்தியா? அந்தப் படியிலயா? இவ உன்னைப் பாத்துக்கிட்டே இருந்தாளா?”

லியோனா தலையை மட்டும் அசைத்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் இந்த அம்மாள்தான் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த அநியாயம் வேறு வேண்டாம் என்று இருந்தது.

“எழுது,” என்றாள் யூலியா. “இங்கயே எழுது. நான் பாக்கணும்.”

லியோனா பையிலிருந்து பிங்க் சீட்டை எடுத்தாள். பெயர், பிறந்தநாள், 214 ஃபென் தெரு, பின்கட்டு. இரேனா மேசையில் முழங்கை ஊன்றிப் பேனா முனையையே பார்த்தாள். படிக்கத் தெரியாத தாயும் படிக்க விடப்படாத மகளும் ஒவ்வோர் எழுத்தையும் காவல் காத்தார்கள். கடைசியில், ஏழு வயதுக்கு மேல் எழுதப்படும் சீட்டில் மட்டும் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் இருந்தது: தாமதத்துக்குக் காரணம்.

அங்கே வழக்கமாக ‘குடும்பம் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவார்கள். அதற்கென்று ரப்பர் முத்திரையே இருந்தது.

“என்ன எழுதின? படி,” என்றாள் யூலியா.

“‘1933 முதல் 1936 வரை கணக்கெடுத்தவர் கதவைத் தட்டவில்லை. முகவரியையும் தவறாகப் பதிந்தார். அவர் பெயர் லியோனா வென்ட்சல்.’”

“இன்னொரு தரம் படி.”

படித்தாள்.

அந்த மூன்று வாக்கியங்களுக்கு என்ன விலை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மறுநாள் காலை க்ரீவ் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். “முத்திரையைக் குத்திட்டுப் போயிருக்கலாமேம்மா,” என்றார் வருத்தமாக. “ரெண்டு பேரை அனுப்பிட்டு உன்னை வச்சிருந்தா நான் எந்த மூஞ்சியோட இங்க உக்கார்றது?” நவம்பர் முடிய வேலை பார்க்கவிட்டார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. கோஸ்டிகன் ஒரு வாரம் கிளியைப் பற்றிப் பேசவில்லை. லியோனா பிறகு ஒரு துணிக்கடையில் ரிப்பன் அளந்து கொடுத்தாள், பாதிச் சம்பளத்துக்கு. அப்பா மேசையையும் விற்றார். பக்கத்து வீட்டுச் சங்கதி கேட்கும் குணம் மட்டும் கடைசிவரை போகவில்லை. ஆனால் கேட்டதை அரைகுறையாகச் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. இரேனா இரண்டு வருஷத்தில் எழுதக் கற்றுக்கொண்டாள். ஆறு வயதில் வந்திருந்தால் இவள் எங்கேயோ போயிருப்பாள் என்று ஆசிரியை சொன்னதும் லியோனாவின் காதுக்கு வந்தது.

ஆனால் அன்று பிற்பகல் அதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. லியோனா சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். “நாளைக்கு ஆபீஸ்ல குடுத்துடறேன். பள்ளிக்கூடத்துல இருந்து டீச்சர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து பாப்பாங்க. ரெண்டு மூணு வாரத்துல...”

யூலியா அடுப்பை அணைத்தாள். கொக்கியில் தொங்கிய தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். மகளுக்கு ஒரு சால்வையை எறிந்தாள்.

“அந்தப் பள்ளிக்கூடம் எந்த டிராமு?”

“இப்பவா? முன்னாடியே சொல்லாம யாரையும் உள்ள விட மாட்டாங்க. விதி அப்படி.”

“நீ வா. நீ கதவைத் தட்டு,” என்றாள் யூலியா, பொத்தானைப் போட்டபடியே. “திறக்கிற வரைக்கும் தட்டு.”